ஒயில் மாற்றத் தேவையில்லாத கார்

காலை ஒன்பது இருபது. முதலில் என் கண்ணில் பட்டது ஒரு நீலக் கயிறு.

முன்னால் மரக்கறி ஏற்றிப் போய்க்கொண்டிருந்த லொறியின் பின்பலகையைக் கட்டியிருந்த நைலோன் கயிறு. முடிச்சுப் போட்டது போக மிச்சத்தைத் தொங்க விட்டிருந்தார்கள். முடிச்சுக்குள் ஒரு லீக்ஸ் இலை சிக்கியிருந்தது. ஓடுகிற காருக்குள் இருந்துகொண்டு, முன்னால் போகிற லொறியில் லீக்ஸ் இலையெல்லாம் தெரியுமா? தெரியாது. தெரியவும் கூடாது.

வளைவுக்காக லொறி வேகத்தைக் குறைத்திருந்தது. எங்கள் கார் குறைக்கவில்லை.

"காக்கா..." என்று அண்ணனான என்னைக் கூப்பிட்டாள் ஸ்டியரிங்கில் இருந்த என் தங்கச்சி ஹிதாயா. மேற்கொண்டு எதுவும் சொல்ல அவளுக்கு நேரம் இருக்கவில்லை. இடப் பக்கம், மலையை ஒட்டி, வீதி வேலைக்காகச் சல்லி கொட்டியிருந்தார்கள். காரை அதற்குள் திருப்பினாள். கைப் பிரேக் பொத்தானை இழுத்துப் பிடித்தாள். ரயருக்குக் கீழே சல்லி கரகரத்தது. கார் நின்றது. லொறி வளைவில் திரும்பி மறைந்துவிட்டது. அதன் சாரதிக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

பின் சீற்றில் ஹிதாயாவின் மகள் ஷைமா. இயர்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்:

"என்னத்துக்கும்மா இதுக்குள்ள உட்ட?"

ஹிதாயா பிரேக் பெடலை மிதித்துப் பார்த்தாள். மறுபடி மிதித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பெடல் போகுது காக்கா. மிதிக்க மிதிக்கப் போகுது. வட்டைக்குள்ள சேத்துல கால் வெச்ச மாதிரி."

வயல்வெளியை எங்கள் பக்கம் வட்டை என்போம். ஹிதாயாவுக்குச் சவளக்கடையில் வயல் இருக்கிறது. கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பாள். சனி ஞாயிறில் வயலுக்குப் போவாள். அவளுக்கு உவமை வேறெங்கிருந்து வரும்?

இது நடந்தது பண்டாரவளையிலிருந்து எல்ல வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும் பாதையில். ஷைமா பண்டாரவளையில் அறை எடுத்துத் தங்கி ஒரு பயிற்சி நெறியைப் படிக்கிறாள். விடுமுறைக்கு அவளைக் கூட்டிவரத்தான் முதல் நாள் போயிருந்தோம். இரவு அந்த வீட்டிலேயே தங்கிவிட்டு, காலையில் கல்முனைக்குப் புறப்பட்டோம். கார் மின்சாரக் கார். ஜப்பானில் சில வருடம் ஓடிவிட்டு இங்கே வந்தது. கல்முனையில் அதற்குக் 'கரண்டுக் கார்' என்று பெயர்.

சல்லிக்குள் நின்றபடி அரை மணித்தியாலம் காத்திருந்தோம். முன் சில்லுகளிலிருந்து, இஸ்திரிப் பெட்டியைச் சேலையில் கூடநேரம் வைத்துவிட்டால் வருமே, அப்படி ஒரு வாடை. அது அடங்கிய பிறகு ஹிதாயா மறுபடி ஏறிப் பெடலை மிதித்தாள்.

"இப்ப கல்லு மாதிரி இரிக்கி."

"அப்ப சரிதானே?" என்றேன்.

"இப்ப சரியெண்டா... அப்ப என்ன நடந்த?"

நல்ல கேள்வி. ஆமை வேகத்தில் இறங்கினோம். வெல்லவாய வந்தது, மொனராகலை வந்தது, அம்பாறையும் வந்தது. பெடல் ஒரு தடவைகூட இறங்கவில்லை. கடைசியில் கல்முனைக்கு வந்து சேர்ந்தபோது, அப்படி ஒன்று நடந்ததற்கான அடையாளம் என்று ரயர் இடுக்கில் சிக்கியிருந்த நான்கைந்து சல்லிக்கற்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன.

நான் எழுதிவரும் இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒன்று தெரியும் — எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பத்திரிகை வேலையில் இருந்த காலம் முழுக்க பஸ்ஸிலும் அடுத்தவர் மோட்டார் சைக்கிளின் பின்னாலும் போய் வந்தவன். அப்படியென்றால் நான் எதற்காக அந்தக் காரில் இருந்தேன்? ஆண் துணையாக! ஹிதாயாவின் கணவர் றமீஸ் மச்சான் (அவருக்கும் நான் மச்சான்தான்) கட்டாரில் வேலை செய்கிறார். மலைநாட்டுக்குப் போய் இரவு தங்குவதென்றால் காக்காவும் கூடப் போகவேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. கார் ஓட்டத் தெரிந்தவளுக்கு ஓட்டத் தெரியாதவன் பாதுகாப்பு. நிபந்தனைகளை யாரும் அவ்வளவு ஆராய்வதில்லை.

மச்சானிடம் அன்று பின்னேரமே வீடியோவில் விஷயத்தைச் சொன்னாள் ஹிதாயா. மறைக்க அவளுக்குத் தெரியாது. அவர் முழுவதையும் கேட்டார். ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்டார்.

"அபாயாவோடயா ஓட்டின?"

"வேற என்னத்தோட ஓட்ற?"

"அப்ப அதுதான். காலடி வரைக்கும் தொங்குற அபாயா பெடல்ல சிக்கியிரிக்கும். மத்தப்படி கார்ல என்ன பழுது? போன மாசம்தானே எல்லாம் பாத்த."

"சிக்கல்ல. என்ட காலு. எனக்குத் தெரியாதா?"

"பயத்துல ஒண்டும் தெரியாது புள்ள. மச்சான், நீங்க பக்கத்துல இருந்தீங்கதானே... நீங்க செல்லுங்க. பெடல் இறங்கினதக் கண்டீங்களா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் திரையில், ஒருத்தி எதிரே.

நான் கண்டது என்ன? கயிற்றைக் கண்டேன். லீக்ஸ் இலையைக் கண்டேன். கார் நிற்காததைக் கண்டேன். அவளுடைய காலை நான் காணவில்லை. கண்டதை எழுது, காணாததைக் கண்டவர் வாயில் விடு — என் தொழில் எனக்குச் சொல்லித்தந்தது அதுதான்.

"கார் நிக்கல்ல. அதக் கண்டன். காலப் பாக்கல்ல" என்றேன்.

உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்ன? ஹிதாயா என் முகத்தைப் பார்த்த விதத்தில் தெரிந்தது — அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு சாட்சி, கிடைத்தது ஒரு நிருபர்.

யோசித்துப் பார்த்தால், இது விசித்திரமான பழுது. புகை தெரியும், சத்தம் கேட்கும், ஒயில் ஒழுகினால் தரையில் கறை தெரியும். பெடல் மென்மையாகிப் போனதற்கு உலகத்தில் ஒரே சாட்சிதான் — அதை மிதித்த கால். அந்தக் கால் யாருடையது என்பதைப் பொறுத்துச் சாட்சியின் மதிப்பும் கூடிக் குறைகிறது.

மச்சான் தீர்ப்பைச் சொன்னார். கோபமாக அல்ல, மிகவும் பாசமாக. அதுதான் சிக்கல்.

"காட்டிப் பாரு. பழுதெண்டு கராஜ்காரன் சென்னா சாவி உன்னட்டயே இரிக்கட்டும். இல்லெண்டா சாவிய என்ட தம்பிக்கிட்ட குடு. வயலுக்கும் அவன் போய் வரட்டும். எனக்கு நீ முக்கியம்."

கடைசி வரிக்கு யார் பதில் சொல்ல முடியும்? வயல் ஹிதாயாவின் பெயரில் இருக்கிறது, வீடும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கொடுப்பதுதானே வழக்கம்! ஆனால் பெயரில் இருப்பதற்கும் போய் வரம்பில் நிற்பதற்கும் இடையில் பல கிலோமீற்றர் தூரம். அந்தத் தூரத்தைக் கடந்துகொண்டிருந்தது அந்தச் சாவி.

மறுநாள் பள்ளிக்கூடத்திலும் கதை பரவியிருந்தது. ஆசிரியர் அறையில் ஒருவர், "டீச்சர், இனி அபாயாவ மடிச்சிப் பின் குத்திட்டு ஓட்டுங்க" என்றாராம். இன்னொருவர், "கரண்டுக் கார்தானே, அபாயாவுக்கு ஷொக் அடிச்சிரிக்கும்!" என்றாராம். ஹிதாயாவும் சிரித்தாளாம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போது சிரிக்கவில்லை.

"நாளைக்குக் கராஜுக்குப் போறன். நீங்களும் வாங்க. இந்தமுற காலப் பாருங்க."

ஜெயசீலனின் கராஜ் எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் பாட்டுக் குழுவில் நிற்பார். மற்ற நாட்களில் கார்களுக்குக் கீழே கிடப்பார். அங்கேயும் பாடிக்கொண்டுதான். வயதில் எங்கள் இருவருக்கும் மூத்தவர். ஆனாலும் முஸ்லிம்களை அண்ணன், அக்கா முறை சொல்லி அழைக்கும் ஊர் வழக்கப்படி அவருக்கு நான் நானா, ஹிதாயா ராத்தா. எங்களுக்கு அவர் ஜெயசீலன் அண்ணன். இந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து பார்ப்பவரும் அவர்தான்.

ஒழுங்காகத்தான் பார்த்தார். அதில் குறை சொல்ல முடியாது. காரை உயர்த்தினார். நான்கு சில்லையும் கழற்றினார். எங்காவது ஒழுக்கு இருக்கிறதா என்று துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். இல்லை. பிரேக் பேட்கள் தேய்ந்திருக்கின்றனவா?

"புதுசு மாதிரிக் கிடக்கு. இந்தக் காருகளுக்குப் பேட் தேயாது ராத்தா. காலை எடுத்தா மோட்டரே பிடிச்சு நிப்பாட்டுது. சில்லுப் பிரேக்குக்கு அரைவாசி வேலை இல்லை."

பிறகு உள்ளே ஏறி, பெடலை அமத்தி, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல இறங்கினால் உள்ளே இருக்கிற சிலிண்டர் பழுதாம். இறங்கவில்லை. கடற்கரை வீதியில் கொண்டுபோய் ஓட்டினார். சடாரென்று நிறுத்தினார். நான் முன்னால் போய் மோதப் பார்த்தேன். அவ்வளவு நல்ல பிரேக்!

கராஜுக்குத் திரும்பியதும் கையைத் துடைத்துக்கொண்டு, ஹிதாயாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கார்ல ஒண்டும் இல்லை நானா. ராத்தாட உடுப்பு ஏதும்..."

எனக்கு முன்பே ஹிதாயா கதைத்தாள்.

"அண்ணன், இஞ்ச வாங்க."

போனார். அவள் சாரதி ஆசனத்தில் ஏறி இருந்தாள். கதவைத் திறந்தே விட்டாள்.

"குந்துங்க."

"ராத்தா..."

"குந்திப் பாருங்க அண்ணன். காக்கா, நீங்களும்."

ஐம்பதைக் கடந்த இரண்டு ஆண்கள் ஒரு கார்க் கதவடியில் குந்தினோம். அவள் பெடலை மிதித்தாள், விட்டாள், வேகப் பெடலுக்குப் போனாள், திரும்ப வந்தாள். சீற்றில் இருக்கும்போது அபாயாவின் ஓரம் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது. பெடலுக்கும் துணிக்கும் இடையில் ஒரு சாண் இருக்கும். சிக்கவைக்க வேண்டுமென்று முயன்றாலும் சிக்காது. அதையும் செய்து காட்டினாள். துணியைக் கையால் இழுத்துக் கீழே விட்டாள். கால் அசைந்ததும் அது தானாக மேலே போய்விட்டது.

"கண்டீங்களா?"

"கண்டன்" என்றார் ஜெயசீலன். எழும்பும்போது முழங்கால் சத்தம் போட்டது. "சரி ராத்தா. உடுப்புத் தப்பிச்சிட்டுது. இனிக் காரைத்தான் பிடிக்கவேணும்."

நானும் கண்டேன். எழுதியும்விட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவர் முன்மூடியைத் திறந்து, பிரேக் ஒயில் நிற்கும் சின்னப் போத்தலின் மூடியைக் கழற்றினார். அளவு சரியாகத்தான் இருந்தது. அளவு சரி என்பதால்தான் முதலில் அதைத் திறக்காமல் விட்டிருக்கிறார். விரலை விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பால் கலக்காத பிளேன்டீ நிறம்.

"இதைக் கடைசியா எப்ப மாத்தினது?"

"எத?"

"பிரேக் ஒயில்."

"நீங்கதானே அண்ணன் சென்ன... கரண்டுக் காருக்கு ஒயில் மாத்தத் தேவல்ல எண்டு."

ஜெயசீலன் தலையைச் சொறிந்தார்.

"நான் சொன்னது இஞ்சின் ஒயிலை ராத்தா."

"நீங்க ஒயில் எண்டுதான் சென்ன."

"ஓம்" என்றார். "ஒயில் எண்டுதான் சொன்னன்."

காரை விற்றவரும் அப்படித்தான் சொன்னார். வாங்கும்போது கூட வந்த மச்சானின் நண்பரும் சொன்னார். கரண்டுக் கார் வைத்திருக்கிற எவரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், முதலாவது பெருமை அதுதான்: "ஒயில் மாத்துற செலவே இல்ல!" உண்மைதான். இஞ்சினே இல்லாத காருக்கு இஞ்சின் ஒயில் எதற்கு? ஆனால் நம் வாயில் அதுவும் ஒயில், இதுவும் ஒயில். பெற்றோல் கார் என்றால் இஞ்சின் ஒயில் மாற்றவென்று சில மாதத்துக்கு ஒரு தடவை கராஜுக்குப் போவோம். போன இடத்தில் யாராவது பிரேக் ஒயிலையும் எட்டிப் பார்ப்பார்கள். இங்கே போக வேண்டிய காரணமே போய்விட்டது. போனாலும், 'ஒயில் தேவையில்லை' என்ற ஒரு வசனம் அந்தச் சின்னப் போத்தலுக்கும் சேர்த்து மூடி போட்டுவிட்டது. ஜப்பானில் ஊற்றியதாகத்தான் இருக்க வேண்டும் அது.

"உண்மையில இது ஒயிலே இல்லை" என்றார் ஜெயசீலன். "ஒயிலுக்கும் தண்ணிக்கும் ஆகாது. இது தண்ணியைக் காத்தில இருந்தே குடிக்கும். வருசக்கணக்கா விட்டா உள்ளுக்குத் தண்ணி சேரும். சூடேறினாத் தண்ணி கொதிக்கும், ஆவியாகும். ஆவியை அமத்தினா அமரும்தானே? பெடல் இறங்கும். ஆறினா ஆவி திரும்பத் தண்ணி. பெடல் கல்லு."

ஹிதாயா சொன்ன சேறும் கல்லும் — இரண்டும் அப்படியே வந்துவிட்டன. ஆனால் ஜெயசீலன் அதோடு நிற்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தனக்குத் தானே வாதாடத் தொடங்கினார்.

"ஆனா இடிக்குதே. மோட்டர்தானே காரைப் பிடிக்குது. சில்லுப் பிரேக் சும்மாதானே கிடக்கு. பிறகு எப்பிடிக் கொதிக்கிற அளவுக்குச் சூடாகும்? ராத்தா இதுக்கு முதலும் இதே இறக்கத்தில வந்த ஆள்தானே?"

"மூணு நாலு தரம் வந்திரிக்கன். ஒண்டும் நடக்கல்ல."

"அப்ப இந்தமுறை என்ன புதுசு?"

நான் என் பங்குக்கு மூளையைக் கசக்கினேன். புதிதாக இருந்தது நான் ஒருவன்தான். என் நிறையால் பிரேக் கொதித்திருக்குமா? வாயைத் திறக்கவில்லை.

ஹிதாயா காரைப் பார்த்தபடி நின்றாள். கண்ணை மூடினாள். அந்தக் காலையை ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன்.

"பச்ச வட்டம்" என்றாள்.

"என்ன?"

"காலெடுத்துக் கார் தானாப் பிடிக்கக்குள்ள மீட்டர்ல பச்ச வட்டம் எரியும். அண்டைக்கு மேல இருந்து வரக்குள்ள எரியல்ல. நான் என்னடா எண்டு நெனச்சன். கார் சறுக்கிற மாதிரி ஓடிச்சி. அதனாலதான் ஒரேயடியா மிதிச்சிட்டே வந்தன்."

"ஏன் எரியல்ல?"

"அண்ணன், அந்தச் சில்லு சுத்தி வாற கரண்ட் எங்க போற?"

"பற்றரிக்கு."

"மத்த நாளெல்லாம் மொனராகலையில சார்ஜ் போட்டுட்டு ஏறுவம். மேல போகக்குள்ள அரைவாசி முடிஞ்சிரும். போன அண்டே திரும்பிருவம். இந்தமுற இரவு தங்கினம். அந்த ஊட்டு அம்மா பிளக்கக் காட்டி, இரவு முழுக்கப் போடுங்க எண்டாங்க. விடியக்குள்ள பற்றரி நிரம்பிட்டு." கண்ணைத் திறந்தாள். "வயல் நிரம்பினா வக்கடைய அடைக்கிறல்லியா நாம? மேல தண்ணி உட ஏலாதே. அப்பிடித்தான். பற்றரி நிரம்பிட்டு, கார் வக்கடைய அடைச்சிட்டு."

வக்கடை என்பது வரம்பில் தண்ணீர் விடுவதற்கு வெட்டும் வாய். பற்றரி நிரம்பியிருந்தால் மோட்டார் பிடிக்காது. பிடித்தால் வரும் கரண்டை வைக்க இடமில்லை. மலையிலிருந்து இறங்குகிற முழுப் பாரமும், வருடக்கணக்காக வேலையில்லாமல் கிடந்த சில்லுப் பிரேக்கின் தலையில். அதற்குள்ளே பிளேன்டீ.

ஜெயசீலன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைபேசியை எடுத்துத் தேடினார். வாசித்தார். தலையை ஆட்டினார்.

"சரிதான் ராத்தா. இதில போட்டிருக்கு. முழு சார்ஜில இறக்கத்தில விடாதேங்கோ எண்டு... எனக்கும் இது புதுசு. எங்கட ஊர்ல எங்க இறக்கம் இருக்கு?"

அதுவும் உண்மை. பாண்டிருப்பிலிருந்து நிந்தவூர் வரை தேடினாலும் எங்கள் கரையில் ஓர் ஏற்றம் கிடைக்காது. இங்கே அந்தப் பழுது ஒருநாளும் வெளியே வந்திருக்காது.

உதிரிப்பாகக் கடையிலிருந்து புதுப் பிரேக் ஒயிலும், பேனா போன்ற ஒரு கருவியும் வந்தன. ஒயிலுக்குள் எவ்வளவு தண்ணீர் என்று காட்டும் கருவியாம். பழைய ஒயிலுக்குள் முனையை விட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஹிதாயா உடனே கட்டாருக்கு வீடியோ எடுத்தாள்.

"தெரியிதா?"

மச்சான் தலைக்கவசத்தோடு வேலைத் தளத்தில் நின்றார். வெயிலில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"சிவப்பு."

"சிவப்பெண்டா பழுது. அண்ணன், நீங்க செல்லுங்க."

"பழுதுதான் மச்சான்" என்றார் ஜெயசீலன், கமராவுக்குள் முகத்தை நுழைத்து. "ராத்தாட உடுப்பில ஒண்டுமில்லை. நான் குந்தியிருந்து பாத்தன்."

மறுமுனையில் எங்கோ ஒரு இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மச்சான். "ஒண்டும் நடக்கல்லியே, அது போதும். சாவி உன்னட்டயே இரிக்கட்டும். ஆனாலும் உடுப்பக் கொஞ்சம் கவனி."

அழைப்பைத் துண்டித்த பிறகு ஹிதாயா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆனாலும்" என்றாள். அவ்வளவுதான்.

பழைய ஒயிலை முழுவதும் வெளியேற்றி, புதியதை உள்ளே விட்டு, குழாய்களில் காற்றில்லாமல் செய்ய வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் சில்லடியில் சின்ன நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். இந்தக் காரில் பெடலுக்குத் துணையாகவும் மின்சாரமே வேலை செய்வதால், ஜெயசீலன் கைபேசியில் வாசித்து வாசித்து, ஒவ்வொன்றையும் அணைத்து, பொறுத்து, பிறகுதான் தொடங்கினார். அன்று அவரிடம் வேலைக்கு வேறு ஒருவரும் வந்திருக்கவில்லை.

"நானா மிதிப்பாரா?"

"காக்காவுக்கு எது பிரேக் எண்டே தெரியா" என்றாள் ஹிதாயா. அவளே ஏறினாள்.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. போத்தலில் ஒயில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். "பெயின்ரில சிந்தாதேங்கோ நானா, உரிஞ்சிரும்." பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் நிற்பதுபோல நின்று ஊற்றினேன்.

"அமத்துங்க ராத்தா."

"அமத்திட்டன்."

"பிடிங்க. விடாதேங்கோ." கீழே நிப்பிள் திறந்தது. பழுப்பு நிறத்தில் ஒயில் குழாய் வழியே இறங்கியது. "இறங்குதா?"

"இறங்குது."

"மூடிட்டன். இப்ப விடுங்க."

ஒரு சில்லு முடிந்து அடுத்தது. அமத்துங்க, பிடிங்க, விடுங்க. முதல் நாள் வரை யாரும் நம்பாத அதே கால். இப்போது அது சொன்னதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஜெயசீலன் திறந்தார், மூடினார். பெடல் எங்கே நிற்கிறது, எப்படி நிற்கிறது என்பதை அவருக்குக் காரின் கீழிருந்து பார்க்க முடியாது. அவள் சொன்னால்தான் உண்டு.

"இன்னும் மெத்தெண்டு இரிக்கி அண்ணன். பின்னுக்கு வலப் பக்கம் காத்து இரிக்கும்."

"இருக்காதே..." என்றவர் மறுபடி திறந்தார். இரண்டு குமிழி வந்தது. பிறகு தெளிந்த ஒயில்.

"இப்ப?"

"இப்பதான் பெடல்."

கைகழுவிக்கொண்டே ஜெயசீலன் சொன்னார்: "இனி வாற கரண்டுக் கார்க்காரர் எல்லாரிட்டயும் சொல்லவேணும். இஞ்சின் ஒயில் வேற, பிரேக் ஒயில் வேற எண்டு."

"ஒயில் எண்டு செல்லாதீங்க அண்ணன். வேற பேர் வைங்க."

"என்ன பேர் வைக்கிற?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எழுதுகிறவன் நான்தானே! எனக்கும் ஒரு நல்ல சொல் அகப்படவில்லை. இதை எழுதும்வரை அகப்படவில்லை.

அன்றிரவு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறொரு வசனம். நம் பத்திரிகைகளில் அடிக்கடி வரும்: 'வேகக் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் மதிலுடன் மோதி விபத்துக்குள்ளானது.' வாசித்துப் பழகிய வசனம். கட்டுப்பாட்டை இழந்தது வாகனம் என்று எழுதுகிறோம். வாசிப்பவர் சாரதி என்று விளங்கிக்கொள்கிறார். சாரதி யார் என்று தெரிந்துவிட்டால், மிச்சத்தையும் அவரே எழுதிக்கொள்கிறார். அன்று அந்தச் சல்லிக் குவியல் அங்கே இல்லாமல் இருந்திருந்தால்? எங்களைப் பற்றியும் அந்த வசனம்தான் வந்திருக்கும். ஊரில் அதற்கு அபாயா என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். போத்தலின் மூடியை ஒருவரும் திறந்திருக்க மாட்டார்கள். ஆயத்தமாக ஒரு காரணம் இருந்தால், அதற்குப் பிறகு யார் தேடுகிறார்கள்?

விடுமுறை முடிந்து ஷைமாவைத் திரும்பக் கொண்டுபோய் விட்டோம். ஆண் துணை நான்தான். இரவு தங்கினோம், பற்றரி முழுதாக நிரம்பும் முன்பே ஹிதாயா எழும்பிப் போய் பிளக்கைக் கழற்றினாள். காலையில் அதே இறக்கம். மீட்டரில் பச்சை வட்டங்கள் எரிந்துகொண்டே வந்தன. அவளும் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். வெல்லவாய வந்ததும் காரை ஓரமாக நிறுத்தி, பெடலை ஒரு தடவை மிதித்து, மறுபடி எடுத்தாள்.

ஆசிரியர் அறையில் அபாயாக் கதை இன்னும் முடியவில்லையாம். பிரேக் ஒயிலைப் பற்றி அவள் விளக்கமாகச் சொன்னாளாம். கேட்டார்களாம். கேட்டுவிட்டு, "அதுக்காக டீச்சர், பின் குத்துறதும் நல்லம்தானே" என்றார்களாம்.

போன வாரம் றமீஸ் மச்சான் லீவில் வந்தார். விடிந்ததும் வயலைப் பார்க்க வேண்டும் என்றார். மூவரும் சவளக்கடைக்குப் போனோம். காரை மச்சான் ஓட்டினார். ஹிதாயா பின் சீற்றில் இருந்தாள்.

மச்சான் காலடி வரைக்கும் தொங்கும் சாரம் கட்டியிருந்தார்.